நீடாமங்கலத்தில் அன்றாட வாழ்க்கை

நீடாமங்கலம், தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்தில், காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். இது ஒரு வட்டத்தின் தலைநகரமும், தொடர்வண்டிச் சந்திப்பும் ஆகும். தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையும் கும்பகோணம் - மன்னார்குடி சாலையும் இங்கு சந்திக்கின்றன. முன்னர் ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997 ஆம் ஆண்டு முதல் திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது.

இப்பகுதி மக்களின் வாழ்க்கையை நெடுங்காலமாக இரண்டு செய்திகளே வரையறுத்து வந்துள்ளன. ஒன்று, ஆற்றில் எப்பொழுது தண்ணீர் வரும் என்பது. மற்றொன்று, விளைந்த நெல் யார் கைக்கு, எந்த அளவில் போய்ச் சேரும் என்பது. கடந்த நூறு ஆண்டுகளில் இவ்விரண்டும் பெரிதும் மாறியுள்ளன. பண்ணை அடிமை முறை ஒழிந்தது. அதன் பின்னர் இயந்திரங்கள் வந்தன. உழைப்பவரின் மதிப்பு உயர்ந்தது. வயலில் அவர்களுக்குக் கிடைக்கும் வேலை நாட்கள் குறைந்தன. இக்கட்டுரை நீடாமங்கலத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நிலவிய, நிலவுகின்ற அன்றாட வாழ்க்கையை விவரிக்கிறது.

அமைவிடமும் ஆறுகளும்

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் கிளைகளுள் ஒன்று வெண்ணாறு ஆகும். இது தஞ்சாவூருக்கு அருகே தென்பெரம்பூரில் வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என மூன்றாகப் பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே வரும் வெண்ணாறு, நீடாமங்கலத்திற்கு அருகில் மூணாறு தலைப்பு என்னும் இடத்தில் மீண்டும் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என மூன்று கிளைகளாகிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பகுதிகளின் வயல்களுக்குச் செல்லும் நீரில் பெரும்பகுதி இத்தலைப்பைக் கடந்தே செல்கிறது. ஆதலால் மூணாறு தலைப்பில் எவ்வளவு நீர் எந்தக் கிளைக்குத் திறக்கப்படுகிறது என்பது, கீழே உள்ள நூற்றுக்கணக்கான ஊர்களின் அன்றாடச் செய்தியாக விளங்குகிறது.

இப்பகுதி மிகவும் தட்டையான சமவெளி ஆகும். வாய்க்கால் கரைகளும், தென்னை, பனை வரிசைகளும், கோயில் கோபுரங்களுமே உயர்ந்து தெரிவன. நிலம் தட்டையாக இருப்பதால் பாசனம் எளிதாகிறது. அதே காரணத்தினால் மழைக்காலத்தில் வடிகால் கடினமாகிறது. கோடையில் நீருக்காகக் காத்திருத்தலும், ஐப்பசி கார்த்திகையில் மிகுந்த நீரை வடியச் செய்தலும் இங்குள்ள உழவரின் இரு பெருங்கவலைகள் ஆகும்.

ஊருக்கு மேற்கே உள்ள கோயில்வெண்ணி, சங்க காலத்தில் கரிகால் சோழன் சேர, பாண்டிய மன்னர்களை வென்ற வெண்ணிப் போர்க்களமாகக் கருதப்படுகிறது.

சத்திரமும் கோயிலும்

நீடாமங்கலத்திற்கு யமுனாம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது. தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் மனைவி யமுனாம்பாளின் பெயரால் இது அமைந்தது. இங்குள்ள சந்தான ராமசாமி கோயிலும், யமுனாம்பாள் சத்திரமும் அக்காலத்தோடு தொடர்புடையவை. மகப்பேறு வேண்டி இக்கோயிலில் வழிபடும் மரபு இன்றும் உள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் இக்கோயிலின் இறைவன் மீது இந்தோளவசந்தம் இராகத்தில் ஒரு கீர்த்தனை இயற்றியுள்ளார்.

மராத்தியர் காலச் சத்திரங்கள் இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தன. இரண்டாம் சரபோசி மன்னர் 1801 ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், தம் நாட்டுச் சத்திரங்களில் பிராமணர் முதல் ஒடுக்கப்பட்டோர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு வழங்கப்படுவதாகக் குறிப்பிட்டு, அவற்றின் மானியங்களைக் காக்க வேண்டினார். சோறு அனைவருக்கும் கிடைத்தாலும், அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அக்காலச் சமூகத்தில் ஏற்கப்படவில்லை. இவ்வேறுபாடு இவ்வூரின் பிற்கால வரலாற்றிலும் வெளிப்பட்டது.

நெல் ஆண்டு

காவிரிப் படுகையில் மூன்று நெற்பருவங்கள் உண்டு.

- குறுவை: ஆனி, ஆடியில் தொடங்கிப் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். ஏறத்தாழ 110 நாள் பயிர்.
- சம்பா: ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுவடையாகும். 150 நாட்களோ அதற்கு மேலோ வயலில் நிற்கும் நீண்டகாலப் பயிர்.
- தாளடி: குறுவை அறுத்த வயலிலேயே புரட்டாசி, ஐப்பசியில் நடப்பட்டு மாசி, பங்குனியில் அறுவடையாகும்.

மேட்டூர் அணை கட்டப்படுவதற்கு முன்னர், தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் பெருகிவரும் வெள்ளத்தையே உழவர் நம்பியிருந்தனர். 1934 ஆம் ஆண்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின்னர் நீர் வரும் நாள் ஓரளவு உறுதியானது. இருபோகச் சாகுபடி பரவுவதற்கு இது உதவியது. ஜூன் 12 இல் அணையைத் திறப்பதும், ஜனவரி 28 இல் மூடுவதும் வழக்கமாயின. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இவ்விரு நாட்களும் விழா நாட்களுக்கு இணையாக நினைவில் வைக்கப்படுகின்றன.

சித்திரை மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டி ஆண்டின் முதல் உழவு தொடங்கும். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாற்றங்கால் தயாரித்தல், சேற்றுழவு, வரப்பு வெட்டுதல், நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு என வேலைகள் தொடரும். உழவும் வரப்பு வேலையும் ஆண்களுடையவை. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களுடையவை. நடவு நாட்களில் பெண்கள் விடியும் முன்னரே வயலுக்குச் சென்று, வரிசையாக நின்று பின்னோக்கி நகர்ந்தபடி நடுவர். வேலையின் வேகத்தை ஒழுங்குபடுத்த நடவுப் பாடல்கள் பாடப்பட்டன.

தை மாத அறுவடை, ஆண்டின் உச்சம் ஆகும். அரிவாளால் அறுத்த கதிரைக் கட்டுகளாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துமேட்டிற்குக் கொண்டு வருவர். அங்கு கதிரை அடித்து நெல்லைப் பிரிப்பர். அடித்த தாளில் ஒட்டியிருக்கும் நெல்லைப் பிரிக்க மாடுகளைக் கட்டி மிதிக்கவிடுவது போரடித்தல் எனப்பட்டது. பின்னர் முறத்தால் தூற்றிப் பதர் நீக்கி, மரக்காலால் அளப்பர். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாட்களுக்கு முன்பு, ஈரமுள்ள சம்பா வயலில் உளுந்து, பயறு விதைகளைத் தூவிவிடுவது வழக்கம். நெல் அறுக்கப்படும்போது பயறு முளைத்து நிற்கும். தனியே உழவோ நீரோ இன்றிக் கிடைக்கும் இவ்விளைச்சல் சிறு உழவர்க்குக் கோடைக்கால வருவாயாக விளங்கியது.

தெருக்களும் வீடுகளும்

படுகையின் பழைய ஊர்களில் குடியிருப்பு சாதி வழியே பிரிந்திருந்தது. கோயிலை ஒட்டி அக்கிரகாரம், அதற்கு அப்பால் வேளாண்குடிகளின் தெருக்கள், கைவினைஞர் தெரு, வயல்களைத் தாண்டித் தனியே சேரி என்பது பொதுவான அமைப்பு. தஞ்சைப் பகுதிச் சிற்றூர்களில் 1950களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் காத்லீன் கஃப் அவர்களும், 1960களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் அவர்களும் இம்முப்பிரிவு அமைப்பைத் தத்தம் நூல்களில் விரிவாகப் பதிவு செய்துள்ளனர்.

மிராசுதாரர்களின் வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என நீண்டு அமைந்த ஓட்டு வீடுகள் ஆகும். நெல்லைச் சேமிக்க மரப் பத்தாயங்களும் மண் குதிர்களும் இருந்தன. ஆண்டு முழுவதற்குமான நெல் வீட்டிலேயே இருப்பது செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. வேலையாட்களின் வீடுகள் மண் சுவரும், கீற்று அல்லது வைக்கோல் கூரையும் கொண்டவை. அவை நின்ற மனையும் பெரும்பாலும் நிலவுடைமையாளருடையதே. வேலையை மறுத்தால் வீட்டையும் இழக்க நேரிடும் என்ற அச்சம் இதனால் எப்போதும் இருந்தது.

மழைக்காலத்தில் சேரிகளுக்குச் செல்லும் வரப்புப் பாதைகள் நீரில் மூழ்கும். அந்நாட்களில் நோயாளியைத் தூக்கிச் செல்வதும், இறந்தவரைச் சுடுகாட்டிற்குக் கொண்டு செல்வதும் பயிர் நிற்கும் வயல்களின் வழியாகவே நடைபெற்றன. சுடுகாட்டுப் பாதை பற்றிய சச்சரவுகள் படுகை ஊர்கள் பலவற்றிலும் நெடுங்காலம் நீடித்தன.

கூலியும் அளவைகளும்

நிலம் குழி, மா, வேலி என அளக்கப்பட்டது. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா ஓர் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சமமாகும். எனவே ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர் ஆகும். நெல் மரக்கால், கலம், மூட்டை என அளக்கப்பட்டது. 12 மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை எனக் கணக்கிடப்பட்டது. மா என்னும் அளவு இன்றும் உழவரிடையே பேச்சு வழக்கில் உள்ளது.

நிலவுடைமையாளரிடம் நிலையாகக் கட்டுண்டு உழைத்தவர் பண்ணையாள் எனப்பட்டார். அவர் மட்டுமன்றி, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அப்பண்ணைக்கே வேலை செய்ய வேண்டியிருந்தது. சிறுவர்கள் மாடு மேய்த்தனர். நாட்கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அறுவடையில் தனியே ஒரு பங்கும், பொங்கல், தீபாவளிக்குத் துணியும் வழங்கப்பட்டன. திருமணத்திற்கோ, சாவுச் செலவிற்கோ பெற்ற கடன் பண்ணையாளை மேலும் கட்டியது. தாமதமாக வருதல், எதிர்த்துப் பேசுதல் முதலியவற்றிற்குச் சாட்டையடியும், சாணத்தைக் கரைத்த நீரைக் குடிக்கச் செய்யும் சாணிப்பால் தண்டனையும் வழங்கப்பட்டன.

கூலி நெல்லாக இருந்தமையால், அளக்கும் மரக்காலின் அளவே குடும்பத்தின் வயிற்றை முடிவு செய்தது. கூலி அளக்கச் சிறிய மரக்காலும், குத்தகை வாங்கப் பெரிய மரக்காலும் பயன்படுத்தப்படுவதாக எழுந்த முறையீடுகள், பின்னர் தோன்றிய உழவர் இயக்கங்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாயின. முத்திரையிட்ட மரக்கால் வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

கூலி நெல் உடனே சோறாவதில்லை. மாலையில் நெல்லைக் கொண்டுவந்த பெண்கள் அதனை அவித்து, உலர்த்தி, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, அதன் பின்னரே உலையேற்றினர். வயல்வேலைக்குப் பிந்தைய இவ்வேலையால் அவர்களின் ஒரு நாள் மிக நீண்டதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அரிசி ஆலைகள் பெருகியதும் இவ்வேலை குறைந்தது. அதே நேரத்தில், பிறர் வீட்டு நெல்லைக் குத்திக் கூலி பெற்ற ஏழைப் பெண்கள் அவ்வருவாயை இழந்தனர்.

உணவும் பந்தியும்

உழைப்பாளர் வீடுகளில் இரவில் ஒருமுறை சமைப்பதே வழக்கம். மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்து, விடியலில் நீராகாரமாகவும் பழைய சோறாகவும் உண்டு வேலைக்குச் சென்றனர். வாய்க்காலிலும் வயலிலும் கிடைத்த கெண்டை, விரால், வயல் நண்டு, நத்தை ஆகியவையும், வரப்பில் முளைத்த கீரைகளும் உணவில் சேர்ந்தன. நெல் விளைவித்தவர் வீட்டிலும் ஆடி, ஆவணி மாதங்களில் அரிசி தீர்ந்துவிடும். அப்போது கடன் நெல் வாங்கி, அறுவடையில் கூடுதலாக அளந்து திருப்பித் தர நேர்ந்தது.

வசதி படைத்தோர் வீடுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி பரவியது. கடைவீதிகளில் காப்பிக் கடைகள் தோன்றின. ஒடுக்கப்பட்ட சாதியினர் அவற்றின் உள்ளே அமர முடியாது. வெளியே நின்று தனிக் குவளையில் பெற வேண்டியிருந்தது.

1937 ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் தென்தஞ்சை மாவட்ட காங்கிரசு மாநாடு நீடாமங்கலத்தில் நடைபெற்றது. அங்கு நடந்த பொதுப் பந்தியில், அருகிலுள்ள பண்ணையில் வேலை செய்த ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் சிலர் மற்றவர்களோடு அமர்ந்து உண்டனர். இதற்காக அவர்கள் பின்னர் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் புகட்டப்பட்டதாகச் செய்தி வெளியானது. விடுதலை நாளிதழும் குடி அரசு இதழும் இதனைத் தமிழகம் முழுவதும் கொண்டு சென்றன. காங்கிரசு தரப்பு இதனை மறுத்தது. விடுதலை இதழ் மீது வழக்கும் தொடரப்பட்டது. ஆ. திருநீலகண்டன் இந்நிகழ்வை ஆய்ந்து எழுதிய நூல் 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழிப்போக்கருக்குச் சோறிடுவதற்கென்று சத்திரம் எழுந்த ஊரில், ஒரு வேளைச் சோற்றை எங்கு அமர்ந்து உண்பது என்பது தண்டனைக்குரியதாக இருந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஒரே வரிசையில் உண்ணும் பழக்கம் பெருமளவில் பரவியது பள்ளிக்கூடங்களின் வழியாகவே ஆகும். காமராசர் ஆட்சியில் 1950களின் நடுப்பகுதியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் இதே படுகையைச் சேர்ந்த திருக்குவளையில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

சங்கங்களும் சட்டங்களும்

1940களில் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்த பி. சீனிவாசராவ், மன்னார்குடி வட்டாரத்தில் விவசாயிகளையும் பண்ணையாட்களையும் ஒன்றுதிரட்டினார். கர்நாடகத்தைச் சேர்ந்த இவர், சேரிகளிலேயே தங்கி, அம்மக்களோடு உண்டு பணியாற்றினார். 1944 ஆம் ஆண்டில் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சாட்டையடியும் சாணிப்பாலும் கைவிடப்பட வேண்டும் என்று முடிவானது. திராவிடர் கழகமும் இப்பகுதியில் விவசாயத் தொழிலாளர் சங்கங்களை நடத்தியது.

இதன் பின்னர் வந்த சட்டங்கள் அன்றாட வாழ்க்கையை நேரடியாக மாற்றின.

- 1952: தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலமுடையோரிடம் வேலை செய்த பண்ணையாட்களுக்குப் பணிப் பாதுகாப்பும் குறைந்த அளவு கூலியும் வழங்க வகை செய்தது. பல நிலவுடைமையாளர்கள் இதன் பின்னர் பண்ணையாள் முறையைக் கைவிட்டு, நாட்கூலிக்கு ஆள் அமர்த்தத் தொடங்கினர்.
- 1969: விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டதை அடுத்து இச்சட்டம் இயற்றப்பட்டது.
- 1971: குடியிருப்பு உடைமை வழங்கும் சட்டம். நிலவுடைமையாளர் மனையில் குடியிருந்த தொழிலாளர்க்கு அம்மனையை உரிமையாக்கியது.

இவற்றுள் மூன்றாவது சட்டம் குறைவாகவே பேசப்படுகிறது. எனினும், வீட்டை இழக்கும் அச்சமின்றிக் கூலி கேட்க முடிந்தது இதன் பின்னரே என்பதால், அன்றாட வாழ்க்கையில் இதன் பங்கு பெரிது.

தொடர்வண்டியும் கடைவீதியும்

நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை 1861 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டு, இவ்வூர் சந்திப்பு நிலையமாயிற்று. மன்னார்குடிப் பாதை 1970களில் கைவிடப்பட்டது. அகலப்பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டு 2011 ஆம் ஆண்டில் அதில் போக்குவரத்து தொடங்கியது.

தொடர்வண்டி, நெல்லைத் தொலைதூரச் சந்தைகளுக்குக் கொண்டு சென்றதோடு, மக்களையும் கொண்டு சென்றது. நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக மலாயா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் சென்றோரும், படித்து அரசு வேலைக்குச் சென்னை சென்ற அக்கிரகாரத்து இளைஞர்களும் இப்பாதைகளில் பயணம் செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அக்கிரகாரங்கள் பலவற்றில் முதியோர் மட்டுமே எஞ்சினர். நிலங்கள் குத்தகைதாரர்களின் கைக்கும் பிற சாதியினர் கைக்கும் மெல்ல மாறின.

இன்று நீடாமங்கலம் நிலையத்தின் முதன்மையான பணிகளுள் ஒன்று, மாவட்டத்தின் கொள்முதல் நிலையங்களில் வாங்கப்படும் நெல்லைச் சரக்கு வண்டிகளில் ஏற்றி அரைவைக்காகப் பிற மாவட்டங்களுக்கு அனுப்புவது ஆகும். ஒரு வண்டியில் ஆயிரம், இரண்டாயிரம் டன் நெல் அனுப்பப்படுகிறது. அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றிய லாரிகள் நிலையத்தை நோக்கி வரிசையில் நிற்பதும், சுமைதூக்கும் தொழிலாளர்கள் இரவு பகலாக வேலை செய்வதும் ஊரின் வழக்கமான காட்சிகள் ஆகும்.

தஞ்சாவூர் - நாகப்பட்டினம் நெடுஞ்சாலையைத் தொடர்வண்டிப் பாதை கடக்கும் ரயில்வே கேட், நீடாமங்கலத்தின் பெயரை வெளியூராரிடையே பரப்பியது. சரக்கு வண்டிப் பெட்டிகளை இணைக்கும்போதும், இயந்திரத்தைத் திசை மாற்றும்போதும் கேட் நெடுநேரம் மூடப்படும். பேருந்துகளும் நோயாளிகளை ஏற்றிய ஊர்திகளும் இருபுறமும் காத்து நிற்க நேர்ந்தது. மேம்பாலம் வேண்டும் என்பது ஊராரின் நெடுநாளைய கோரிக்கையாக இருந்து வந்தது. நின்ற பேருந்துகளில் வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, பூ விற்போர்க்கு இக்காத்திருப்பே பிழைப்பானது.

பசுமைப் புரட்சியும் இயந்திரங்களும்

1960 ஆம் ஆண்டில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 27, அதனைத் தொடர்ந்து ஐ. ஆர். 8 முதலிய குட்டை இரகங்கள் பரவின. குறுவைக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 43, சம்பாவிற்கு சி. ஆர். 1009 ஆகியவை பின்னர் பெரிதும் பயிரிடப்பட்டன. விளைச்சல் உயர்ந்தது. உரம், பூச்சிக்கொல்லி, அவற்றிற்கான கூட்டுறவுக் கடன் ஆகியவை உழவரின் அன்றாடச் சொற்களாயின. வடிமுனைக் குழாய்க் கிணறுகளும், 1990 முதல் அனைத்து உழவர்க்கும் வழங்கப்பட்ட இலவச மின்சாரமும், ஆற்று நீர் வருமுன்னரே நாற்றுவிட வழி செய்தன.

வயல்வாழ் மீன்களும் நண்டுகளும் பூச்சிக்கொல்லிகளால் குறைந்தன. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, குடவாழை முதலிய மரபு நெல்கள் வழக்கொழிந்தன. இவற்றை மீட்க முயன்றவர்களுள் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரும், திருத்துறைப்பூண்டிப் பகுதியில் 170க்கும் மேற்பட்ட மரபு இரகங்களைத் திரட்டிப் பரப்பிய நெல் ஜெயராமனும் குறிப்பிடத்தக்கவர்கள்.

முதலில் ஏர்மாடுகளின் இடத்தை உழுவை இயந்திரங்கள் பிடித்தன. 1990களுக்குப் பின்னர் அறுவடை இயந்திரங்கள் பெருகின. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் அறுத்த வயலை, இயந்திரம் ஒரு மணி நேரத்திற்குள் அறுத்து, நெல்லைப் பிரித்தும் தந்துவிடுகிறது. களத்துமேடும் போரடியும் மறைந்தன. சம்பா வயலில் தூவிய உளுந்துப் பயிரை இயந்திரத்தின் சக்கரங்கள் நசுக்குவதால் அப்பயிரின் பரப்பும் குறைந்தது. உழவுமாடுகள் குறைந்ததால் எருவும் குறைந்தது; வைக்கோல் உருளைகளாகக் கட்டப்பட்டு வெளியூர்களுக்கு விற்கப்படுகிறது.

இன்றைய அன்றாடம்

இன்று நீடாமங்கலத்தின் காலை, பேருந்து நிறுத்தங்களிலும் தேநீர்க் கடைகளிலும் தொடங்குகிறது. மாணவர்கள் மன்னார்குடி, தஞ்சாவூர், திருவாரூர், கும்பகோணம் ஆகிய நகரங்களின் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். 2021 ஆம் ஆண்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமானதும், சிற்றூர்ப் பெண்கள் நகரத்துக் கடைகளுக்கு வேலைக்குச் செல்வது எளிதாயிற்று. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் வேலை செய்வோர் அனுப்பும் பணம், பல வீடுகளின் கூரையைக் காரையாக மாற்றியுள்ளது.

நடவுக்கு ஆள் கிடைக்காமையால் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவியுள்ளன. அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்காளம் முதலிய வடமாநிலங்களிலிருந்து நடவுக் குழுக்கள் வருகின்றன. அதே நேரத்தில், உள்ளூரில் நிலமற்ற பெண்களுக்கு ஆண்டில் சில வாரங்களே வயல் வேலை கிடைக்கிறது. 2000களின் பிற்பகுதியிலிருந்து சுற்றியுள்ள ஊராட்சிகளில் நூறு நாள் வேலைத் திட்டம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பி வந்தது.

விளைந்த நெல்லை விற்கும் இடம், 1972 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஆகும். பழைய மரக்காலின் இடத்தை இப்போது ஈரப்பதக் கருவியும் மின்னணுத் தராசும் பிடித்துள்ளன. நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டிற்கு மிகாதிருக்க வேண்டும். குறுவை அறுவடையின்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால் இவ்வரம்பைக் கடைப்பிடிப்பது கடினம். நிலையத்தின் முன் குவித்த நெல்லைத் தார்ப்பாயால் மூடி, பகலில் விரித்து உலர்த்தி, இரவில் காவல் காத்து உழவர்கள் நாட்கணக்கில் காத்திருப்பதுண்டு. சாலையின் ஒரு பாதியில் நெல் உலர்த்தப்படுவதும், அதனைத் தவிர்த்து ஊர்திகள் மறுபாதியில் செல்வதும் அக்காலத்தில் படுகை எங்கும் காணப்படும் காட்சியாகும். மழை மிகுந்த ஆண்டுகளில் ஈரப்பத வரம்பை நடுவண் அரசு தளர்த்தியுள்ளது.

விழாக்களும் இசையும்

ஆடி 18 இல் ஆற்றங்கரையில் ஆடிப்பெருக்கு கொண்டாடப்படுகிறது. பெண்கள் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் வைத்துக் காவிரியை வழிபட்டு, மஞ்சள் நூல் மாற்றிக்கொள்வர். தண்ணீர் வராத ஆண்டுகளில் வீட்டுக் குழாயடியிலும் கைக்குழாய் அருகிலும் இவ்வழிபாடு நடைபெறுகிறது. பொங்கல், மாட்டுப் பொங்கல் ஆகியன அறுவடையை ஒட்டி வருகின்றன. உழவுமாடுகள் குறைந்த வீடுகளில் உழுவை இயந்திரத்திற்கு மாலையிட்டுப் படைக்கின்றனர். அருகிலுள்ள ஆலங்குடியில் குருப்பெயர்ச்சி நாட்களிலும், வேளாங்கண்ணித் திருவிழாவையொட்டி ஆகஸ்டு இறுதியிலும் நீடாமங்கலத்தின் வழியே பெருந்திரளான பயணிகள் செல்கின்றனர். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்கு வழியில் உணவும் நீரும் வழங்கப்படுகின்றன.

புகழ்பெற்ற தவில் கலைஞர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவ்வூரைச் சேர்ந்தவர். நாதசுவர மேதை டி. என். இராசரத்தினம் பிள்ளைக்கு இவர் தவில் வாசித்துள்ளார். கோயில் மானியமும் மிராசுதாரர் ஆதரவும் குறைந்த பின்னர், நாதசுவர, தவில் கலைஞர்கள் திருமண நிகழ்ச்சிகளையே பெரிதும் சார்ந்துள்ளனர்.

நீரும் எதிர்காலமும்

2012 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறக்க இயலவில்லை. அவ்வாண்டுகளில் ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய உழவர்கள் குறுவையை இழந்தனர். 2020 இல் மீண்டும் அந்நாளில் அணை திறக்கப்பட்டது. 2022 இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2024 இல் ஜூலை இறுதி வரை திறக்கப்படவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் ஆண்டுதோறும் 192 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தமிழகத்திற்கு விட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 இல் இதனை 177.25 ஆகக் குறைத்தது.

மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்கும் திட்டத்திற்கு எதிராக 2010களில் பெரும் போராட்டங்கள் நடைபெற்றன. 2020 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் அண்டைப் பகுதிகள் சிலவற்றையும் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றியது. இச்சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதிக்கிறது. நிலம் வேளாண் நிலமாகவே நீடிக்க இது உதவினாலும், அந்நிலத்தில் உழைப்போர்க்கு வேலையும், விளைவிப்போர்க்குக் காலத்தில் நீரும் கிடைப்பதை இச்சட்டம் மட்டும் உறுதி செய்வதில்லை.